ஆயாக் கொட்டகையைக் காலி செய்த காலை

தொண்ணூறுகளில் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தேன். மேல்மலையில் பெய்யும் மழையை வைத்து, கீழே ஆறு எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே சொல்லக் கணினியைப் பழக்குவதுதான் என் ஆராய்ச்சி. மலேசியாவில் பகாவ் பக்கம் ஆற்றங்கரையிலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அதைச் சோதித்துக்கொண்டிருந்தோம். முதல் எச்சரிக்கை பொய்த்துவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத்துச் சனங்கள் வேலையை விட்டுவிட்டு மேட்டில் காத்திருந்ததுதான் மிச்சம். அதன் பிறகு என்னைக் கண்டாலே அவர்களுக்குச் சிரிப்பு.

அடுத்த முறை நான் தோட்டத்து ஆபீசில் இருந்தபோது ஆய்வுக்கூடத்திலிருந்து போன். உடன் வேலை செய்பவர் பேசினார்.

"மேல விடாம மழை. மதியத்துக்குள்ள உங்க பக்கம் ஆறு கரை தாண்டும்னு காட்டுது."

வெளியே பளீரென்று வெயில். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் எச்சரிக்கை மணி அடிக்கச் சொன்னேன். அவர் எழவில்லை.

"மானேஜர் சிரம்பான் டவுனுக்குப் போயிருக்காரு மிஸ். போன தடவை அடிச்சதுக்கே ஏச்சு வாங்கினேன். வெயில் அடிக்குதுலா, பாருங்க!"

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் மேட்டுக்காட்டில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ ஆற்றோரத்து ஆயாக் கொட்டகையில். ஓடினேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா தொட்டிலை ஆட்டியபடியே கேட்டார்.

"நிச்சயமா வருமா?"

"தெரியலக்கா. போன தடவை மாதிரியும் ஆகலாம்."

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவர் ஆற்றைப் பார்த்தார். அது எப்போதும்போல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆத்தாக்காரிங்க என்னையத்தான் திட்டுவாளுங்க. சரி, தூக்கு."

கைக்குழந்தைகளை இடுப்பிலும் தோளிலும் சுமந்து, நடக்கிறவர்களை ஓட்டிக்கொண்டு, மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வேலை முடிந்து வந்த தாய்மார்கள் காலித் தொட்டில்களைக் கண்டு அலறிக்கொண்டு மேடேறினார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"யாரக் கேட்டுப் புள்ளயத் தூக்குன? நெஞ்சு வெடிச்சிருக்கும்!"

ஆயா தடுத்தும் கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு லயத்துக்கு இறங்கிப்போனாள். என்னால் அவளை நிறுத்த முடியவில்லை. நான் சொன்னது தப்பென்றால் இனி இங்கே கால் வைக்க முடியாது. சரியென்றால் அவள் கீழே இருக்கிறாள். எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது?

கீழே லயத்தில் ஆடுகள் கத்தின. மரங்களுக்கிடையே பழுப்பாகத் தண்ணீர் புகுந்தது. ஆபீஸ் மணி ஓயாமல் ஒலித்தது; அடித்தவர் கிராணிதான். நான் சரிவில் இறங்கி ஓடினேன். முழங்கால் தண்ணீரில் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவள் வந்துகொண்டிருந்தாள். எட்டி வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் கொட்டகையின் கூரை மட்டும்தான் தெரிந்தது. ஆடு, கோழி, பாத்திரம் எல்லாம் போயின. ஆட்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஈரச் சாரோங் கைலியோடு அந்தத் தாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்த வாட்டி ஆபீசுல கேட்டுக்கிட்டு நிக்காத. நேரா காட்டுக்கு வந்து எங்ககிட்ட சொல்லு."

அந்த வருடம் முழுக்க, எச்சரிக்கை நேராக அவர்களிடமே போய்ச் சேர வழி செய்வதுதான் என் வேலையாக இருந்தது.