மூன்றாவது மூச்சு

போன வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்திலிருந்து ஊருக்குப் போகும்போது பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பாம்பன் பாலத்தில் ஜன்னலோரம் என்றால் சும்மாவா? வெளியூர்க்காரர்கள் அதற்காக முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். நானோ கைப்பேசியில் யாரோ ஒருத்தி மாங்காய் ஊறுகாய் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து ஒரு நாய் வந்தது. அடுத்து ஒரு கல்யாண வீட்டு ஆட்டம். நடத்துநர் குனிந்து, “ஏம்மா, பாம்பன் டிக்கெட்டுத்தான நீ? தங்கச்சிமடம் வந்திருச்சு” என்றபோதுதான் நிமிர்ந்தேன். பாலம் போயிருந்தது. இரண்டு பக்கத்துக் கடலும் போயிருந்தது. இறங்க வேண்டிய ஊரும் போயிருந்தது.

இறங்கித் திரும்பும் பேருந்துக்காக நின்ற இடத்தில் ஒரு சின்ன லாரியில் பாசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த கடல்பாசியின் வாசத்தை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். உப்பும் துருவும் கலந்த மாதிரி இருக்கும், கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும். எனக்கு அது அம்மாவின் தலைமுடி வாசம். எங்கள் வீட்டில் பால் காய்ச்சினாலும் அந்த வாசம்தான் முதலில் வரும்.

அம்மாவும் ராக்குச் சித்தியும் கடலில் முங்கிப் பாசி எடுப்பவர்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு அடிக்குப் போவார்கள். மூச்சு இருக்கும்வரை பாறையிலிருந்து பாசியைப் பறித்துவிட்டு மேலே வருவார்கள். அந்தப் பாசி கம்பெனிக்குப் போய் என்னவாகிறது என்று கேட்டால், “ஐஸ்கிரீமுல போடுவாகளாம்” என்பாள் சித்தி, தனக்கு ஒன்றும் வாங்கித் தராத கோபத்தோடு.

பள்ளி விடுமுறை நாட்களில் என்னையும் வள்ளத்தில் ஏற்றிக்கொள்வார்கள். வேடிக்கை பார்க்க இல்லை. வள்ளம் ஓட்டி வரும் காளி மாமா நங்கூரத்தைப் போட்டதும் துண்டை முகத்தில் போட்டுப் படுத்துவிடுவார். மேலே ஒரு ஆள் தலைகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது என் வேலை.

அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. அம்மா முங்கும்போது நானும் மூச்சைப் பிடிப்பேன். சின்னப் பிள்ளையின் மூச்சு சின்னது, சீக்கிரம் முடிந்துவிடும். உடனே இரண்டாவது மூச்சைப் பிடிப்பேன். அது முடிவதற்குள் அம்மாவின் தலை எங்காவது தெரியும். மூன்றாவது மூச்சைப் பிடிக்க நேர்ந்தால் கத்த வேண்டும். கடிகாரத்தைவிட இது மேல். கடிகாரத்தைப் பார்க்கிறவள் கடலைப் பார்க்க மாட்டாளே. மூச்சைப் பிடித்திருக்கிறவளுக்கோ வேறு எதுவும் நினைவில் வராது. மேலே வந்ததும் அம்மா முதலில் வள்ளத்தைத்தான் பார்ப்பாள். நான் கையைத் தூக்குவேன். மறுபடி முங்குவாள்.

எட்டாம் வகுப்புக் கோடையில் ஒருநாள் என் இரண்டாவது மூச்சு முடியப் போகிறது, அம்மா வரவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அப்படிக் கிடந்ததுதான் பயமாக இருந்தது. அலை அடித்தால் அலைக்குப் பின்னால் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம். சித்தி தூரத்தில் தலையைத் தூக்கினாள். காது அடைத்தது, நெஞ்சு முட்டியது. மூச்சை விட்டால் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்று தோன்றியது. ஆனால் விடாமல் எப்படிக் கத்துவது?

விட்டேன். “சித்தி! அம்மா வரல!”

சித்தி அங்கிருந்தே முங்கினாள். காளி மாமா துண்டோடு கடலில் குதித்தார். கொஞ்ச நேரம் எல்லாத் தலைகளும் மறைந்து, அவ்வளவு பெரிய கடலில் நான் மட்டும் இருந்தேன். பிறகு மூன்று பேரும் ஒரே இடத்தில் நுரையோடு எழுந்தார்கள். அம்மாவின் வலைப்பை பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. இடுப்புக் கயிற்றைச் சித்தி அறுத்துவிட்டிருந்தாள்.

வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து இருமி முடித்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, “பையி போச்சேடி.” அப்புறம் என்னைப் பார்த்து, “எத்தனாவது மூச்சுல கத்துன?”

“ரெண்டாவது முழுசா முடியலம்மா.”

“அதுக்குள்ளயா?”

“நல்லவேள, ஒம் மக அவசரக்குடுக்கையா இருக்கா” என்றாள் சித்தி. சிரித்தார்கள். நான் வீடு வரும்வரை யாரோடும் பேசவில்லை. அழுகையாலல்ல, பெருமையால்.

அந்தப் பெருமை இன்றும் எனக்கு உண்டு, மறைப்பானேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி, இன்று ஒரு அரசு அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். “எப்படிப் படிச்ச?” என்று கேட்பவர்களிடம் ஏதேதோ சொல்லியிருக்கிறேன். உண்மையில் புத்தகத்தையும் நான் கடலைப் பார்த்த மாதிரித்தான் பார்த்தேன். கண்ணை எடுத்தால் யாரோ முங்கிப் போய்விடுவார்கள்.

இப்போது கோப்பின் இரண்டாம் பத்தியிலேயே என் கட்டைவிரல் தாளை மேலே தள்ளுகிறது. காகிதம் நகராது என்பது விரலுக்குத் தெரியவில்லை. எதிர் மேசை அக்கா பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. வருகிற மாதம் எனக்குத் துறைத் தேர்வு. இதுவரை புத்தகத்தின் அட்டையைத்தான் முழுசாகப் படித்திருக்கிறேன்.

அதனால்தான் சனிக்கிழமை காலை, “நானும் வாரேன்” என்று வள்ளத்தில் ஏறினேன். பழைய இடத்தில் உட்கார்ந்தால் பழைய கண் வந்துவிடும் என்று ஒரு நப்பாசை. தலை பார்க்க இப்போது சித்தி மகள் செல்வி வருகிறாள், கல்லூரி மாணவி. கைப்பேசியைப் பைக்குள் போட்டுப் பையின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அம்மா முங்கினாள். மூச்சைப் பிடித்தேன்.

“யக்கா, இதப் பாருங்களேன், ஒரே ஒரு நிமிசம்.” செல்வி தன் கைப்பேசியை நீட்டினாள். பூனை ஒன்று ஃபிரிட்ஜைத் திறந்தது. சிரித்துவிட்டேன். அடுத்ததும் தானாக வந்தது. அதற்கும் சிரித்தேன்.

நிமிர்ந்தபோது சித்தியின் தலை மட்டும் தெரிந்தது. அம்மா இல்லை. மேலே வந்துவிட்டு மறுபடி முங்கினாளா, முதலில் முங்கியவள் வரவே இல்லையா? மூச்சை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் எனக்குத் தெரிந்தது இப்போது தெரியவில்லை. சித்தியோ சாவதானமாக மிதந்துகொண்டிருந்தாள். அது இன்னும் பயத்தைக் கிளப்பியது.

“அம்மா!”

“எதுக்குடி காது கிழியக் கத்துற? இங்கனதான கெடக்கேன்.” குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. அம்மா நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி வள்ளத்தின் மறுபக்கம் இளைப்பாறிக்கொண்டிருந்தாள்.

நான் அந்தப் பக்கம் திரும்பினேன். “நீ முங்குனது தெரியல, வந்தது தெரியல. சித்தி பாட்டுக்குச் சும்மா மெதக்குது.”

“சும்மா மெதக்குறாளா? என்னையப் பாத்துக்கிட்டு மெதக்குறா. நாங்க இப்ப ஒண்ணா முங்குறதில்ல. ஒருத்தி முங்குனா ஒருத்தி மேல நிப்பா.”

“அப்ப செல்வி எதுக்கு?”

“வீட்ல கெடந்து என்ன செய்யப் போறா? காத்தாவது வாங்கட்டும்” என்றாள் சித்தி நீந்தி வந்து. செல்வி காதில் மாட்டியிருந்ததை எடுத்துவிட்டு, “என்னம்மா?” என்றாள். “ஒண்ணுமில்ல ஆத்தா, நீ பாரு” என்றாள் சித்தி. கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபப்பட்டுத் திருத்தலாம் என்ற காலத்தை அவர்கள் எப்போதோ கடந்திருந்தார்கள். எங்களிடம் சொல்லாமலேயே தங்கள் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

செல்வியைப் போலத்தான் என்னையும் நினைக்கிறாயா என்று அம்மாவிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வி.

அம்மா கண்ணாடியில் துப்பித் துடைத்து மாட்டிக்கொண்டு முங்கினாள். இந்த முறை பூனை வந்தாலும் புலி வந்தாலும் சரி என்று கண்ணை அந்தத் தண்ணீரிலேயே வைத்து மூச்சைப் பிடித்தேன். வளர்ந்தவளின் மூச்சு, நீளமானது. பாதிகூட ஆகவில்லை, அம்மா மேலே வந்துவிட்டாள். பையில் ஒரு கைப்பிடிப் பாசி. மறுபடி முங்கினாள். மறுபடி அதே பாதி மூச்சு.

“என்னம்மா, அதுக்குள்ள வாரே? வயசாயிருச்சா?”

“வயசுக்கென்ன. மூச்சு அப்படியேதான் இருக்கு.” முகத்தில் வழிந்த நீரைத் துடைத்தாள். “அதப் புடிச்சுக்கிட்டு அடியில கெடக்கணும்னா, மேல வள்ளத்துல ஆளு வேணுமில்ல.”

சொல்லிவிட்டு முங்கினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறும்வரை, கண் எரியும்வரை, ஒருமுறைகூடத் தவறவிடாமல் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அம்மா சீக்கிரமே வந்தாள். வந்ததும் தலையைத் திருப்பிச் சித்தியைப் பார்த்தாள்.