செருப்புக்கு உள்ளேயா வெளியேயா

என் மனைவிக்கு விளாத்திகுளம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தபோது, சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு அவள் பின்னால் நானும் கோவில்பட்டிக்கு வந்தேன். என் வேலை மடிக்கணினிக்குள் இருக்கிறது. எந்த ஊரில் வைத்துத் திறந்தாலும் ஒன்றுதான். என் அணியைத்தான் கொண்டுவர முடியவில்லை. பதினோரு வருஷம் ஒரே அணியோடு கடற்கரை மணலில் அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆடியவன் நான்.

தெரியாதவர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு ஏழு பேர், ஆணும் பெண்ணும் கலந்து. ஒரு பிளாஸ்டிக் தட்டை ஒருவருக்கொருவர் எறிந்து கொண்டுபோய், கடைசிக் கட்டத்துக்குள் நம் ஆள் பிடித்தால் ஒரு புள்ளி. கையில் தட்டோடு ஓடக் கூடாது. நம்மை மறித்து நிற்பவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் எறிந்துவிட வேண்டும். நடுவர் கிடையாது. தள்ளினாயா, கோட்டை மிதித்தாயா என்பதையெல்லாம் ஆடுகிறவர்களே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஹாக்கிக்குப் பேர்போன ஊரில் இந்த ஆட்டம் இருக்குமென்று நான் நினைக்கவே இல்லை. வந்த மூன்றாவது வாரம் காய்ச்சலுக்கு ரத்தம் கொடுக்கப் போனேன். பழைய அணியின் பனியனைப் போட்டிருந்தேன். ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே அந்தப் பரிசோதனைக் கூடத்துப் பெண் என் நெஞ்சைப் பார்த்தாள். “சார், இது தட்டு எறியுத ஆட்டம்லா?” என்றாள். அவள் முழங்கையில் ஆறிக்கொண்டிருந்த சிராய்ப்பை அப்போதுதான் கவனித்தேன். அவள்தான் இங்கே அணியின் கேப்டன். காய்ச்சல் விட்டதும் சனிக்கிழமை காலை வரச் சொல்லி, மைதானத்துக்கு வழியும் சொல்லி அனுப்பினாள்.

மைதானம் என்றால், ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்துக் கரிசல் தரை. சுற்றிலும் கருவேலம் புதர். ஆட வந்தவர்கள் செருப்பைக் கழற்றி எல்லையாக வரிசையாய் வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினார்கள். செருப்பை மிதித்தால் வெளியே. பதினாலு பேர் வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்று கேப்டன் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்ததால், எல்லோரும் கொஞ்சம் மரியாதையோடு என்னைப் பார்த்தார்கள். அந்த மரியாதை ஒரு மணி நேரம் நீடித்தது.

அது ஆனி மாதம். மேல்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. பழைய அணியில் நீள எறிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே நான் எறிந்த முதல் தட்டு பாதித் தூரம் போய் நின்று யோசித்துவிட்டு, என் தலைக்கு மேலேயே திரும்பி வந்து புதருக்குள் விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதை எடுக்கப் போனவர் காலில் முள் குத்தியது. அவர் கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிறவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காற்றுக்கு மேலே எறிந்தால் அது காற்றின் தட்டு, முழங்கால் உயரத்தில் எறிந்தால்தான் நம் தட்டு என்று சாதாரணமாகச் சொன்னார்.

எண்ணிக்கையிலும் தடுமாறினேன். சென்னையில் ஆங்கிலத்தில் எண்ணுவார்கள். ஆறு, ஏழு என்று காதில் விழும்போதே கை தானாக எறிந்துவிடும். இங்கே தமிழ். காற்றாலைக்காரர் வீட்டில் தெலுங்கு. அவர் என்னை மறித்தால் தெலுங்கில் எண்ணுவார். “ஒகட்டி, ரெண்டு, மூடு” என்று அவர் கண்டிப்பான முகத்தோடு சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் பத்து ஆகிவிட்டது. தட்டு அவர்கள் கைக்குப் போனது.

இரண்டு வாரம் பார்த்துவிட்டுக் கேப்டன் என்னைத் தனியே கூப்பிட்டாள். “கொஞ்ச நாளைக்கு நீங்க ஓடுங்க சார். எறியுதத நாங்க பாத்துக்கிடுதோம்,” என்றாள். குரலில் கடுமை எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு வலித்தது. முப்பத்தேழு வயதில், தேய்ந்த முழங்காலோடு, எறிகிறவனை ஓடச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இவர்களுக்கு ஆட்டமே தெரியவில்லை என்று புலம்பினேன். தெரியாதவர்களிடம் ஏன் தோற்றுக்கொண்டு வருகிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

ஓடினேன். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குள்ளேயே இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடினோம். புள்ளி எட்டுக்கு எட்டு, அடுத்த புள்ளி எடுப்பவர்களுக்கு வெற்றி. என்னை மறித்தவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு பெண். ஆடு வளர்க்கிற குடும்பம்; அவளைப் போல ஓடுகிறவர்களை நான் சென்னையில்கூடப் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் இருந்த கேப்டன் வலது மூலைக்குத் தாழ்வாக எறிந்தாள். எப்படியோ அந்தப் பெண்ணுக்கு ஓரடி முன்னால் போய் இரண்டு கையாலும் பிடித்தேன். தட்டு கையில் பட்ட நொடியில் என் இடது பாதத்தின் கீழே ரப்பர் செருப்பு மெத்தென்று அழுந்தியது.

“உள்ளதான சார்?” என்று கேப்டன் தூரத்திலிருந்து கேட்டாள்.

“உள்ளதான்,” என்றேன்.

அந்தப் பெண் செருப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “சரி,” என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்து போனாள். மற்றவர்கள் ஓடி வந்து என் முதுகில் தட்டினார்கள். இந்த ஊரில் நான் பிடித்த முதல் புள்ளி அது. அன்றைக்கு டீயும் வடையும் காற்றாலைக்காரர் வாங்கிக் கொடுத்தார். நான் டீயை மட்டும் குடித்தேன்.

எதற்காகப் பொய் சொன்னேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். பரிசு கிடையாது, பார்க்க வந்த கூட்டம் கிடையாது. என்னை இவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறாள் என்று கேப்டன் சொன்னாள். என்னால்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் திட்டவில்லை. தன் வகுப்பில் யாராவது இப்படிச் செய்தால் அவனையே எழுந்து நின்று சொல்ல வைப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் காற்றாலைக்காரரைக் கேட்டேன். அந்தப் பெண்ணின் ஊர் அவருக்குத் தெரியும். காரணம் கேட்காமல் பைக்கில் ஏற்றிக்கொண்டார். விளாத்திகுளம் சாலையில் போய், பிறகு மண் பாதையில் திரும்பினோம். காய்ந்த பருத்திச் செடிகளைப் பிடுங்கிய கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. உரத்துக்காக அங்கே சுற்றி வலை கட்டிச் செம்மறி ஆடுகளை ராத்திரிக் கிடை போட்டிருந்தார்கள். வலையைச் சுருட்டி ஆடுகளை மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள் அவள். தலையில் துண்டு, காலில் அப்பாவுடைய பெரிய செருப்பு. எங்களைப் பார்த்ததும் திகைத்துப் போனாள்.

அப்பாவுக்குக் காலில் முள் ஏறிச் சீழ் பிடித்துவிட்டதாம். பதினைந்து நாளாகக் காலையும் மாலையும் அவள்தான் ஆட்டோடு நிற்கிறாள். ஃபோனுக்குக் காட்டில் சார்ஜ் ஏது என்று கேட்டாள். நான் நினைத்துக்கொண்டு வந்த காரணம் அவள் பேச்சில் வரவே இல்லை. பேசாமல் திரும்பியிருக்கலாம்.

“அன்னைக்கு என் கால் வெளியதான் இருந்துச்சு,” என்றேன்.

“தெரியும் சார். செருப்பு நவுண்டு கெடந்துச்சுல்லா.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்,” என்றாள். விலகிப் போன ஓர் ஆட்டை நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டுவிட்டு, “லேட்டாயிட்டு. பரவால்ல,” என்றாள்.

காற்றாலைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பையிலிருந்து தட்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். அந்தக் காட்டிலேயே மூன்று பேரும் கொஞ்ச நேரம் எறிந்தோம். முழங்காலுக்குக் கீழே, தரையை உரசுவது போல அவள் எறிந்த தட்டு காற்றை மதிக்காமல் வந்தது. ஒன்றைத் துரத்தும்போது என் கால் வெடிப்புக்குள் போய் முகங்குப்புற விழுந்தேன். ஆடுகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தன. “பாத்துண்ணே,” என்று அவள் ஓடி வந்தாள். சார் போய் அண்ணன் வந்ததைப் பைக்கில் திரும்பும்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால், எல்லோரும் வட்டமாக நின்றபோது சொன்னேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர் உச்சுக் கொட்டினார். கேப்டன் மட்டும் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

“அப்பம் அந்த ஆட்டம் இன்னும் முடியலையே,” என்றாள்.

நான் வேடிக்கை என்று நினைத்தேன். அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் அப்பாவுக்குக் கால் ஆறி அவள் ஆட்டத்துக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு யார் யார் எந்தப் பக்கமோ அதே மாதிரி நிறுத்தி, எட்டுக்கு எட்டு என்று மறுபடி தொடங்கினாள். ஒரே ஒரு புள்ளிக்காகப் பதினாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கேப்டன் மறுபடியும் எனக்கே எறிந்தாள். நல்ல எறி. அருகில் யாரும் இல்லை. தட்டு என் மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. எதிர்ப்பக்கத்தார் மூன்றே எறியில் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்துவிட்டார்கள். கடைசியில் பிடித்தவள் அந்தப் பெண்தான். காற்றாலைக்காரர் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து என்னையும் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். நானும் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டிருந்தேன்.

அதெல்லாம் போன வருஷம். இப்போது தாழ எறியப் பழகிவிட்டேன். சில ஞாயிறுகளில் எறிகிற இடமும் கிடைக்கிறது. இந்த மே மாதம் ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வு வந்தது. செங்கல்பட்டுப் பக்கம் இடம் காலியாக இருப்பதாக மனைவியின் தோழி தகவல் அனுப்பியிருந்தாள். கேட்டுப் பார்க்கட்டுமா என்று மனைவி கேட்டபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பனியன்களில் கரிசல் கறை போகவே மாட்டேன் என்றது. இந்த வருஷம் வேண்டாமே, மழைக்குப் பிறகு திருநெல்வேலியில் ஒரு போட்டி இருக்கிறது, ஆள் குறைவு என்று இழுத்தேன்.

அவள் வாளியிலிருந்து ஒரு பனியனை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் நேற்றே முடிந்துவிட்டது, தான் விண்ணப்பிக்கவே இல்லை, இப்போது சும்மா என் மனசை அறியக் கேட்டதுதான் என்றும், என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரமாகத் தவித்ததாகவும் சொன்னாள். இந்த வருஷம் பத்தாம் வகுப்புக்குப் போகிற அவளுடைய பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக அவளுக்கும் மனசில்லை.