ஆண்டு மலரில் ஒரே முகம்

எங்கள் சேவைக் கழகத்தின் ஆண்டு மலருக்கு நேற்றுப் படங்கள் தெரிவு செய்தேன். தையில் மூக்குக் கண்ணாடி, சித்திரையில் தென்னங்கன்று, ஆவணியில் சக்கர நாற்காலி. எல்லாவற்றையும் சிரித்தபடி வாங்குவது ஒரே பெண்!

நியாயம் கேட்க இன்று காலை அவருடைய ஊரான வவுணதீவுக்கே போய்விட்டேன்.

"எல்லாத்தையும் நீங்களே வாங்கினா மத்தவங்களுக்கு என்னக்கா?" என்று கைபேசியில் படங்களைக் காட்டினேன்.

அவர் கோபப்படவில்லை.

"நீங்க பத்து மணிக்குத்தானே வாறீங்க தம்பி. அந்நேரம் சனமெல்லாம் வட்டைக்குள்ள வயல் வேலையில நிக்கும். என்ட வீடு றோட்டோரம். படத்துக்கு ஆள் வேணுமெண்டு உங்கட ஆக்கள்தான் கூப்பிட்டாங்க. பின்னேரம் உரிய ஆக்களுக்கு நான்தான் கொண்டுபோய்க் குடுத்தன். அந்த நாற்காலிய ரெண்டு கட்டை தூரம் தள்ளிக்கொண்டு போனன்."

பத்து மணி என்பது பிரதம விருந்தினரின் வசதிக்காக நான் போட்ட நேரம். கழகத்தின் செயலாளர் நான்தான்.

கைபேசியைப் பிடித்தபடியே நின்றேன். அவர் அதைப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"இண்டைக்கும் படமா? கொஞ்சம் நில்லுங்க தம்பி, சாறி மாத்திட்டு வாறன்."

மலருக்கு நான் வைத்திருந்த தலைப்பு: 'ஆயிரம் முகங்களில் புன்னகை'.

இன்னும் அச்சுக்குப் போகவில்லை. யாரிடமாவது வேறு தலைப்பு இருக்கிறதா?