வசந்தாவின் இருக்கையில் வந்தவர்

1. மேருவில் ஏற மறுத்தவர்கள்

"இவரு வந்தா நாங்க வரல, மல்லிகாக்கா. எங்க பேக்க எறக்கிக் குடுத்துடுங்க."

மேரு என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்து கிளம்பி, செந்தூலில் ஒரு ஓய்வுபெற்ற தம்பதியை ஏற்றிக்கொண்டு, கடைசியாக மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றிவிட்டு நேராகக் கேமரன் மலைக்குப் போவதாக, டூர் லீடரான என் திட்டம். பைகளை எல்லாம் பின்னால் அடுக்கியாகிவிட்டது. அப்போதுதான் அவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் சின்னப் பை. பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த பரமேஸ்வரி அவரைப் பார்த்ததும் வேனுக்குள் வைத்த காலைக் கீழே எடுத்துவிட்டார்.

வந்தவர் பெயர் கணேசன். வசந்தாவின் கணவர்.

வசந்தாவை நான் நேரில் பார்த்ததே இல்லை. போனில் குரல்தான் பழக்கம். அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை. தோழிகளோடு சேர்ந்து எங்கள் கம்பெனியின் மலிவு விலைப் பயணத்தில் கேமரன் போக வேண்டும் என்று இரண்டு முறை பெயர் கொடுத்து, இரண்டு முறையும் கேன்சல் செய்தவர். மூன்றாவது முறை உறுதியாக வருகிறேன் என்று மாதா மாதம் கட்டி முடித்திருந்தார். பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வீட்டில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் கண் திறக்கவே இல்லை.

பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லக் கணேசனுக்கு நான் போன் செய்தேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "அந்த சீட்ட யாருக்கும் குடுக்காதீங்க, மிஸ். நான் வரேன்" என்றார். தோழிகளிடம் அவரே சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை.

பரமேஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன்.

"உசுரோட இருந்தப்ப ஒரு நாள் அனுப்புனாரா? ரெண்டு தடவையும் இவருதான் வேணாம்னாரு. இப்ப அவ எடத்துல வந்து குந்திக்கணுமா? நீங்களே சொல்லுங்கக்கா."

குரலை அவர் தாழ்த்தவில்லை. கணேசன் காதில் விழுந்தது. அவர் ஒரு எட்டு முன்னால் வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் முன்னால டிரைவர் பக்கத்துல ஒக்காந்துக்கிறேன். ஒங்க யார்கிட்டயும் பேச மாட்டேன். வசந்தா எடத்துல ஒக்காரல."

டிரைவர் பக்கத்து இருக்கை டூர் லீடருக்கு உரியது. மைக் அங்கேதான் இருக்கும், வழியும் அங்கிருந்துதான் தெரியும். நான் அதை அவருக்குக் கொடுத்தேன். பின்னால் பெண்களுக்கு நடுவே காலியாக இருந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். பரமேஸ்வரி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஏறினார். மற்றவர்களும் ஏறினார்கள்.

2. தாப்பா சாலை

இத்தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். மலிவுப் பயணம் என்றால் நெடுஞ்சாலையில் பறந்து போய், படம் எடுத்துக்கொண்டு, பறந்து வருவது என்று நினைக்காதீர்கள். நான் எப்போதும் தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டிறங்கி, மலை ஏறும் பழைய சாலையைத்தான் பிடிப்பேன். வளைவு அதிகம், பாதிப் பேருக்குத் தலை சுற்றும். ஆனால் வழியில் இருக்கும் நீர்வீழ்ச்சியைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டாம். ஓராங் அஸ்லி என்னும் பூர்வகுடி மக்கள் சாலையோரத்தில் தேனும் பெத்தாய்க் காயும் மூங்கில் குருத்தும் வைத்து விற்பார்கள். அந்தக் காட்டின் ஆட்கள் அவர்கள்தான். அவர்களோடு நாலு வார்த்தை பேசிவிட்டு மலை ஏறினால்தான் மலைக்கு வந்த மாதிரி இருக்கும்.

தாப்பா வரைக்கும் வேனில் பேச்சு மெதுவாகத்தான் இருந்தது. அதன் பிறகு, அந்தக் கூட்டத்தில் இளையவளான தமிழ்ச்செல்வி என்னிடம் சொன்னாள்:

"வசந்தாக்கா ஸ்வெட்டர்லாம் வாங்கிட்டாங்க, தெரியுமாக்கா? ராத்திரி பாசார் மாலாம் கடையில. மெரூன் கலர். கேன்டீன்ல போட்டுக் காட்டுனாங்க. வேர்த்து ஊத்துது, கழட்டவே இல்ல. சூப்பர்வைசர் வந்து, என்னாம்மா காய்ச்சலான்னு கேட்டாரு."

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. முன்னால் கணேசன் திரும்பியிருந்தார்.

"ஸ்வெட்டரா? வீட்டுல நான் பாக்கலியே."

"லாக்கர்ல வச்சிருந்தாங்க அண்ணே" என்றாள் தமிழ்ச்செல்வி. சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவள் முகம் மாறியது.

கணேசன் மறுபடி சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒரு வளைவு வந்தபோது எங்கள் டிரைவர் சேகரிடம், "அடுத்தது இன்னும் டைட்டா இருக்கும், ஹார்ன் அடிச்சுக்க தம்பி" என்றார்.

"இந்த ரோட்டுல ஓட்டியிருக்கீங்களாண்ணே?"

"லோரி. மேலேருந்து கோபிசு, தக்காளின்னு காய்கறி ஏத்திட்டு எறங்குவேன். பல வருஷம்."

வசந்தா கடைசி வரை பார்க்காத மலையில்தான் அவர் கணவர் வாரந்தோறும் ஏறி இறங்கியிருக்கிறார். எனக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். பெத்தாய் விற்றுக்கொண்டிருந்த ஓராங் அஸ்லி மூதாட்டி கணேசனைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். ரொம்ப நாளாக ஆளைக் காணோமே, லோரி என்னாச்சு என்று மலாயில் கேட்டார். லோரி வேலையை விட்டுவிட்டேன், இப்போது செந்தூலில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் காவலாளியாக இருக்கிறேன் என்றார் இவர்.

மூதாட்டி எங்கள் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "இதில் யார் உன் மனைவி? ஒரு நாள் கூட்டி வருகிறேன், கூட்டி வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாயே."

கணேசன் கையில் எடுத்திருந்த பெத்தாய்க் கட்டைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"அவளுக்கு ஒடம்பு சரியில்ல" என்று மலாயில் சொன்னார். "வீட்டுல இருக்கா. அடுத்த தடவ வருவா."

எங்கள் எல்லோருக்கும் மலாய் புரியும். பரமேஸ்வரி அவருக்குப் பக்கத்தில்தான் நின்றார். பரமேஸ்வரி உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். மூதாட்டி பரமேஸ்வரியைப் பார்த்து, "அப்படியா, என்ன உடம்புக்கு?" என்றார்.

"காய்ச்சல்" என்றார் பரமேஸ்வரி. "கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

மூதாட்டி ஒரு சிறு போத்தல் தேனை எடுத்து, அவளுக்குக் கொடு என்று கணேசனிடம் நீட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார். கணேசன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வேனுக்கு நடந்தார். ஏறும்போது படியில் கால் தடுக்கியது. சேகர் பிடித்துக்கொண்டான்.

3. தேயிலைத் தோட்டம்

ரிங்லெட் ஊரைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கும் மேடை ஒன்றில் நிறுத்துவது வழக்கம். பச்சையாக அலை அலையாக மலை இறங்கிப் போகும். நடுவே தொழிலாளர் குடியிருப்பும் சின்னதாக ஒரு மாரியம்மன் கோயிலும் தெரியும். அந்தக் கோயிலைக் காட்டி, தேயிலை நட வந்த நம் ஆட்களின் கதையை நான் சொல்வேன். அன்று வழியில் நின்று நின்று சாயங்காலமாகியிருந்தும் ஆரம்பித்தேன். செந்தூல் தம்பதி மட்டும் கேட்டார்கள். பெண்கள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கணேசன் வேனைவிட்டு இறங்கவில்லை.

பரமேஸ்வரிதான் போனார். கதவருகில் நின்று, "எறங்குங்க. அவ வந்திருந்தா உள்ளயே ஒக்காந்திருப்பாளா?" என்றார்.

அவர் இறங்கி வந்தார். குளிர்காற்று அடித்தது. கம்பியருகே வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார்.

"அவ கேக்கும்போதெல்லாம் ஒரே பதிலுதான் சொல்லுவேன். அங்க என்னா இருக்கு, குளிரும் கோபிசும்தான் இருக்குன்னு. கோபிச நான் வீட்டுக்கே கொண்டாரேன், குளிருக்கு ஃபேனப் போட்டுக்கன்னு."

பரமேஸ்வரி அவரைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் அப்படித்தான் இருந்தது. ஆனால் பேசியபோது குரல் உடைந்திருந்தது.

"அத அவ எங்ககிட்ட சொல்லவே இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு அந்த ரோடெல்லாம் மனப்பாடம், லீவு கெடைக்கட்டும், அவரே கூட்டிட்டுப் போறேன்னுருக்காருன்னுதான் சொல்லுவா. எப்பக் கேன்சல் பண்ணாலும் அப்படித்தான். நாங்க நம்பல. ஆனா அவ ஒங்கள விட்டுக் குடுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல."

கணேசன் அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகைச் சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பரமேஸ்வரி தன் பையைத் திறந்து மெரூன் நிற ஸ்வெட்டரை எடுத்தார். வசந்தாவின் லாக்கரைக் காலி செய்தபோது எடுத்து வைத்தாராம். மேலே கொண்டுவந்து என்ன செய்வது என்று அவரே யோசித்திருக்கவில்லை. அதைக் கணேசன் மடியில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

செந்தூல் அங்கிள் என்னிடம் வந்து, "மிஸ், ஸ்ட்ராபெரி ஃபார்ம் மூடிடுவாங்களே" என்றார். தெரியும் அங்கிள் என்றேன். சேகரைப் பார்த்து எஞ்சினை அணைக்கச் சொன்னேன். அங்கிளின் மனைவிக்கு விஷயம் புரிந்திருந்தது. அவர் கணவரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்று ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்குப் போகவில்லை.

4. லோரிகள் நிற்கும் வளைவு

மலைமேல் பிரிஞ்சாங் ஊரில் அடுக்குமாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்குவோம். ஹோட்டலுக்கு ஆகிற செலவில் பாதிகூட ஆகாது. பெண்களே சமைத்தார்கள். கணேசன் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "வீட்டுல இதெல்லாம் செஞ்சிருந்தா" என்று பரமேஸ்வரி ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

மறுநாள் சீக்கிரமே கீழே இறங்கக் கிளம்பினோம். ரிங்லெட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கணேசன் சேகரின் தோளைத் தொட்டு, "இங்க ஓரமா நிப்பாட்டு தம்பி" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "அஞ்சு நிமிஷம், மிஸ்" என்றார்.

என் பயணத் திட்டத்தில் அந்த இடம் இல்லை. எத்தனையோ வருடம் அந்தச் சாலையில் போய் வந்தவள் நான், அங்கே நின்றதே கிடையாது. லோரிகள் பிரேக் சூடு ஆற நிற்கும் வெறும் மண் ஓரம். இறங்கிப் பார்த்தால் கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிறைந்து கிடந்தது. மரங்களின் தலை மட்டும் அங்கங்கே கறுப்பாக வெளியே நின்றது. தூரத்தில் வெயில் மேகத்தின் ஒரு ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக ஓரத்துக்கு வந்து பார்த்தார்கள்.

"எறங்கும்போது இங்கதான் நிப்பாட்டுவேன்" என்றார் கணேசன். "ஒரு டீய ஊத்திக் குடிச்சிட்டுப் போவேன்."

தமிழ்ச்செல்விதான் கேட்டாள். குறை சொல்கிற தொனி அவளிடம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அழகா இருக்குன்னு ஒங்களுக்கு ஒரு நாளும் தோணலியாண்ணே?"

"தோணும்மா. ஒவ்வொரு தடவையும் தோணும்." அவர் ஸ்வெட்டரைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். "வீட்டுக்குப் போயி அவகிட்ட சொல்லத்தான் தோணல. காலு வலிக்கும், பசிக்கும், படுத்துருவேன். அவ வந்து, எப்படி இருந்துச்சு ரோடுன்னு கேப்பா. ஒண்ணுமில்லன்னுடுவேன்."

பரமேஸ்வரி அவருக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிட்டே வரவுமில்லை, விலகிப் போகவுமில்லை.

5. திரும்பிய பிறகு

மேருவில் பெண்கள் இறங்கினார்கள். பரமேஸ்வரியின் மகன் காரோடு காத்திருந்தான். கணேசன் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தபோது பரமேஸ்வரி அவரிடம் பேசாமல் என்னிடம், "அவர எங்க கார்ல ஏறச் சொல்லுங்கக்கா. வீட்டுல விட்டுடுறோம்" என்றார். நான் சொன்னேன். அவர் ஏறினார். அதற்கு மேல் அவர்களுக்குள் சமாதானம் ஆனதா என்று எனக்குத் தெரியாது. ஆகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை.

செந்தூல் அங்கிள் ஆபீசுக்குப் போன் செய்துவிட்டார். மறுநாள் பாஸ் என்னைக் கூப்பிட்டார்.

"மல்லிகா, ஐட்டினரரியில போட்டத காட்டணும்லா. அழுவுறவங்களுக்கெல்லாம் வேன நிப்பாட்டிக்கிட்டிருந்தா நாம எப்படி டூர் ஓட்டுறது? கம்ப்ளைன்ட் வந்தா நான்தானே பதில் சொல்லணும்?"

அவர் சொன்னதும் நியாயம்தான். காசு கொடுத்தவருக்கு ஸ்ட்ராபெரி காட்ட வேண்டும். அங்கிளுக்கு அடுத்த பயணத்தில் இடம் கொடுத்தோம். அவரும் வந்தார், ஸ்ட்ராபெரி பறித்தார், சந்தோஷமாகப் போனார்.

அதன் பிறகும் பல வருடம் வேலை செய்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். வேலையில் சேரும் பிள்ளைகள் என்னிடம், கமென்ட்ரி எப்படிச் சொல்வது, எங்கே மலிவாகத் தங்கலாம் என்றெல்லாம் கேட்பார்கள். சொல்லிக்கொடுப்பேன். கூடவே இதையும் சொல்வேன்: நம் வேனில் வருகிறவர்கள் நினைத்த மாத்திரத்தில் பயணம் போகிறவர்கள் இல்லை. லீவு கேட்டு, வீட்டில் சம்மதம் கேட்டு, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுத்தான் வந்து சேர்கிறார்கள். சிலர் தாங்கள் பார்க்க வருவதில்லை, வர முடியாமல் போனவருக்காக வருகிறார்கள். யார் எதற்காக வந்திருக்கிறார் என்று நம்மிடம் சொல்ல மாட்டார்கள். ஆகையால் மலையைப் பார்த்துப் பேச்சில்லாமல் ஒருவர் நின்றால், அவரிடம் போய் போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்காதீர்கள். நேரமாச்சு என்று கை தட்டாதீர்கள். அவர் தானாகத் திரும்பி வரட்டும்.