மருதோண்டிக் கையும் வெறுங்கையும்

குறிஞ்சிப்பிட்டி ரம்ஸியா என்ன வேலை பார்க்கிறாள் என்று ஊரில் கேட்டால் பாதிப் பேர் கண்ணாடிக் கடையில் நிற்கிறாள் என்பார்கள். மீதிப் பேர் "லைட் சம்பந்தமான ஏதோ" என்பார்கள். எங்கட வீட்டு வயரையும் ஒருக்காப் பாருங்களேன் என்று கேட்டவர்களும் உண்டு. பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கருவி ஆராய்ச்சி என்று விளக்கி விளக்கி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ரம்ஸியாவுக்கு யாரைக் கண்டாலும் இளக்காரம். மணலில் வெங்காயம் விளைவிக்கும் வாப்பாவை விட்டால் உருப்படியாக வேலை தெரிந்த ஆள் உலகத்திலேயே இல்லை என்பது அவளுடைய முடிவு. அவளுடைய லேபை நடத்தும் பேராசிரியர் ஹிஸ்புல்லாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். புத்தளம் டவுன்காரர். கருவியைக் கையால் தொடமாட்டார். கருவியோடு படம் எடுக்கத் தவறமாட்டார்.

அந்தக் கருவி உடுப்புக் காயப்போடும் கிளிப் அளவுதான். விரல் நுனியில் மாட்டினால் ஒளியை உள்ளே விடும். இரத்தம் அதில் எவ்வளவை விழுங்குகிறது என்று அளந்து எண்ணில் சொல்லும். நிறைய விழுங்கினால் நல்ல இரத்தம், குறைவாக விழுங்கி எண் பதினொன்றுக்குக் கீழே போனால் சோகை. ஊசி வேண்டாம், ஒரு சொட்டு இரத்தம் வேண்டாம். வருடக்கணக்காக மாரடித்து அவள் செய்தது. கம்பஸ் பிள்ளைகளின் விரல்களில் அச்சொட்டாக வேலை செய்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு எத்தாளையில் கர்ப்பிணிகளுக்கு முகாம் போட்டார்கள். பெருநாள் லீவில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், கூட்டம் சேரும் என்பது பேராசிரியரின் மேதாவிலாசம். கூட்டம் சேர்ந்தது. வந்த அத்தனை பேருக்கும் நல்ல இரத்தம். ஒருத்திக்கும் சோகை இல்லை! இப்படி ஓர் ஊர் இலங்கையிலேயே கிடையாது என்று யாருக்காவது உறைத்திருக்க வேண்டும். பேராசிரியருக்கு உறைக்கவில்லை. கருவியைக் கிளினிக்குகளுக்குக் கொடுக்கும் விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்.

ரம்ஸியாவின் தங்கை ஸம்ஹா எத்தாளையில் வாழ்க்கைப்பட்டவள், ஆறு மாதக் கர்ப்பிணி. முகாமில் அவளுக்கும் நல்ல இரத்தம்தான். ஊசி என்றாலே அவளுக்குக் கை கால் உதறும். மிட்வைஃப் மயூரதி இரத்தம் எடுக்கக் கூப்பிட்டபோது, "எங்கட ராத்தாட மெசின் நல்ல ரத்தம் எண்டு செல்லிட்டு மிஸ்ஸி" என்று சொல்லித் தப்பிவிட்டாள்.

பிறகொரு நாள் ரம்ஸியா தங்கையைப் பார்க்கப் போனாள். ஸம்ஹா பச்சை அரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். கதிரையை விட்டு எழுந்ததற்கே மூச்சு வாங்கியது. உதட்டில் நிறமே இல்லை. மூன்றும் சோகையின் அடையாளம். கருவி சொன்னது என்ன, கண் காண்பது என்ன? தங்கையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு விரல் நுனியிலும் தொப்பி போட்டதுபோல பெருநாள் மருதோண்டி. நகமும் சதையும் கறுஞ்சிவப்பு.

முகாமுக்கு வந்த எல்லாக் கையும் அப்படித்தானே இருந்தது! பிறந்ததிலிருந்து பார்க்கிற நிறம். அது இருக்கிறதே கண்ணில் படவில்லை. வேற்றூர்க்காரன் ஒருவன் வந்திருந்தால் முதல் விரலிலேயே கேட்டிருப்பான். மருதோண்டி விழுங்கிய ஒளியை இரத்தம் விழுங்கியதாகக் கருவி எண்ணியிருக்கிறது. தங்கை வீட்டு வளவிலேயே மருதோண்டி இலை பறித்து அரைத்துத் தன் இடக்கை விரல்களில் அப்பினாள். நன்றாகக் காய்ந்து பிடித்த பிறகு கழுவிவிட்டு இரண்டு கையையும் கருவியில் அளந்தாள். வெறுங்கைக்குப் பன்னிரண்டு, மருதோண்டிக் கைக்குப் பதினெட்டு. உலகத்தையே முட்டாள் என்று திட்டித் திரிந்தவள் அன்று தன்னைத் திட்டிக்கொண்டாள், வாய்க்கு வந்தபடி.

பேராசிரியருக்குப் போன் எடுத்தாள்.

"அது சின்ன விஷயம் ரம்ஸியா. மருதோண்டி கொஞ்ச நாள்ள அழிஞ்சிரும்."

"தோல்ல அழியும் சேர். நகத்துல மாசக்கணக்கா நிக்கும். ஒங்கட வீட்டுப் பொம்புளையள்ட கையக் கொஞ்சம் பாருங்க."

"விழா முடியட்டும். பொறகு பாப்பம்."

ஸம்ஹாவோ அதற்கு மேல். "அண்டைக்கு நல்லம் எண்டீங்க, இண்டைக்குக் கூடாது எண்டீங்க. நான் ஊசிக்கு வரமாட்டன். நீங்களும் ஒங்கட மெசினும்!"

விழா, முகாம் போட்ட அதே மண்டபத்தில். கொழும்பிலிருந்து அதிகாரிகள், மேசையில் கேக்கும் ரோல்சும், முன்வரிசையில் ஸம்ஹாவும் மற்றக் கர்ப்பிணிகளும். பேராசிரியர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் கருவியைச் செய்து காட்ட ரம்ஸியாவைக் கூப்பிட்டார். அவள் வலக்கை விரலில் மாட்டினாள். திரையில் பன்னிரண்டு. கைதட்டல்.

"மத்தக் கையிலயும் பாப்பம்" என்று முந்தானைக்குள் இருந்த இடக்கையை நீட்டினாள். பதினெட்டு.

ஓர் அதிகாரி எட்டிப் பார்த்தார். "என்ன இது, ரெண்டு கையிலயும் ரெண்டு ரத்தமா ஓடுது?"

பேராசிரியர் சற்றும் தடுமாறவில்லை. "ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா சரியா வரும் சேர்."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அந்த மனிதருக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்பதுகூட விளங்கவில்லை. ரம்ஸியா பெண்கள் பக்கம் திரும்பி இடக்கையை உயர்த்திக் காட்டினாள். "மருதோண்டிக் கை எல்லாத்துக்கும் இந்த மெசின் பொய் செல்லியிருக்கு. நல்ல ரத்தம் எண்டு ஒருத்தரும் நம்பி இருக்காதீங்க. மிஸ்ஸிட்டப் போய் ரத்தம் குடுங்க."

"இனி லேப் பக்கம் வரவேணாம்" என்று பேராசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். படம் எடுக்க வந்தவன் மட்டும் அந்த நேரம் பார்த்துச் சரியாகப் படம் எடுத்தான்.

ஸம்ஹா அன்றைக்கே கண்ணை இறுக மூடிக்கொண்டு மயூரதியிடம் கையை நீட்டினாள். மறுநாள் முடிவு வந்தது. ஏழுகூட இல்லை. இப்படியே பிரசவ அறைக்குப் போயிருந்தால் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுவது கஷ்டம் என்று மயூரதி ஒளிக்காமல் சொன்னாள். இரத்தம் ஏற்ற ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஸம்ஹா கேட்டாள். "நீங்க செஞ்ச மெசின நீங்களே ஆக்களுக்கு முன்னால கேவலப்படுத்திட்டீங்களே ராத்தா. வேலையும் போயிட்டு. வேற ஆரும் செல்லட்டும் எண்டு விட்டிருக்கலாந்தானே?"

ரம்ஸியா தங்கையின் காலடிப் போர்வையைச் சரிசெய்தாள்.

"ஒனக்கு நல்ல ரத்தம் எண்டு செல்லி வெச்சது நான்தான் ஸம்ஹா. இல்ல எண்டு வேற ஆரு வந்து செல்ற?"