உடையார்கட்டுக்கு இரண்டு சனிக்கிழமைகள்

விசுவமடுவைத் தாண்டியதும் வீதியோரமாக ஒரு தேநீர்க்கடை. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, நானும் செல்வராணியும் சைக்கிள்களை வேலியில் சாத்திவிட்டு இரண்டு பிளேன்ரீக்குச் சொன்னோம். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். தலையில் தொப்பி, கரியரில் தண்ணீர்ப் போத்தல். ஒருத்திக்கு ஐம்பத்துநாலு வயது, மற்றவளுக்கு நாற்பத்தாறு. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சும்மா போகிறோம் என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆரின்ரையும் செத்த வீடோ?"

வன்னியில் ஒரு பெண் சைக்கிளில் போனால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். பள்ளிக்கூடம், சந்தை, கிளினிக், கோயில், செத்த வீடு. இதில் ஒன்றுக்கும் இல்லாமல் இரண்டு பெண்கள் வெயிலில் உழக்கிக்கொண்டு திரிந்தால்... பாவம், அந்த மனிதரும்தான் என்ன நினைப்பார்?

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் முழங்கால் வரலாறு தெரியும். நடக்கவேண்டாம், சைக்கிள் ஓடுங்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம். எங்கள் ஊர் நெளுக்குளத்தைச் சுற்றி ஓடத் தொடங்கி, செட்டிகுளம், நெடுங்கேணி என்று நீண்டு, ஒருமுறை நாயாறு வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் நிலம் சைக்கிளுக்கென்றே செய்த நிலம். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. வயல், குளக்கட்டு, பற்றை, மறுபடி வயல். அவசரமில்லாத ஆளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

செல்வராணி தர்மபுரத்தில் இருக்கிறாள். அவளுடைய தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். சண்டைக் காலத்தில் கிளிநொச்சியில் நாங்கள் இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்து வீடு. இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் சைக்கிளை ரயிலில் ஏற்றிப் பரந்தனில் இறக்குவேன். அவள் எதிரே ஓடிவருவாள். பிறகு கால் போன பக்கம்.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் நாங்கள் போகவே இல்லை. தர்மபுரத்திலிருந்து கிழக்கே, உடையார்கட்டு வழியாகப் புதுக்குடியிருப்புக்குப் போகிற அந்த வீதி. ஏன் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டதும் இல்லை. கடைசியில் செல்வராணிதான் தொலைபேசியில் சொன்னாள்.

"அக்கா, அந்த ரோட்டில நாங்க சைக்கிளை உருட்டிக்கிட்டுத்தானே போனம். ஒருநாள் ஏறி இருந்து ஓடிப் பாக்கணும்."

உண்மைதான். கடைசிச் சண்டையின்போது அந்த வீதி முழுக்கச் சனம். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு சைக்கிள். அதில் அரிசி மூட்டை, பானை, தறப்பாள், பத்திரங்கள் வைத்த கோப்பு. ஆள் ஏற இடமேது? சீற்றில் யாரும் இருக்கவில்லை. செல்வராணி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அவளும் நடந்தாள்.

உடையார்கட்டில் ஒரு வளவில் ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேலே, இருந்தோம். யாருடைய வளவு என்று தெரியாது. படலை திறந்திருந்தது, போனோம். அந்த வீட்டு அக்கா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. நல்ல தண்ணீர்க் கிணறு. வந்த மூன்றாம் நாள் செல்வராணிக்கு மகள் பிறந்ததும் அங்கேதான். அந்த அக்கா தினமும் ஒரு கிடாரத்தில் சுடுதண்ணீர் வைத்துத் தருவார். பெயர் கேட்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? கிணற்று வீட்டக்கா என்றோம். அவ்வளவுதான். செல் குண்டு விழத் தொடங்கியதும் ஓடினோம். சொல்லிக்கொண்டு ஓடவில்லை.

அவரைத் தேடித்தான் அந்தச் சனிக்கிழமை புறப்பட்டோம். 'சும்மா' என்று நான் கடைக்காரருக்குச் சொன்னது பொய்தான்.

தை மாதம். அறுவடை முடிந்து வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். மற்றப் பாதியில் நாங்கள். மெதுவாகவே போனோம். வேகமாகப் போனால் முடிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு. எத்தனையோ நாள் நடந்ததாக நினைவில் இருந்த தூரம், ஒன்றரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை! எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு கிட்டவா? இதற்குள்ளா அவ்வளவும் நடந்தது?

உடையார்கட்டில் எல்லாம் மாறியிருந்தது. புது வீடுகள், புது மதில்கள். இரண்டு வளவுக்குள் பிழையாகப் போனோம். ஒன்றில் நாய் கலைத்தது. வீதியில் நெல் கிண்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், உப்பில்லாத தண்ணீர்க் கிணறு, பக்கத்தில் பலா மரம் என்று அடையாளம் சொன்னேன். பலா இப்போது இல்லை, ஆனால் அது பரமேசக்காவின் கிணறுதான் என்று கையைக் காட்டிவிட்டார்.

பெயர் பரமேஸ்வரி. பதினாறு வருடத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டோம்.

படலையடியில் நின்று கூப்பிட்டதும் வந்தார். அறுபது வயதிருக்கும். தலை முழுக்க நரை. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. செல்வராணி அழத் தொடங்கிவிட்டாள். நாங்கள் யார், எப்போது வந்தோம், எந்த மூலையில் தறப்பாள் கட்டினோம் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"குறை நினையாதேங்கோ. அந்த நேரம் இந்த வளவில முப்பது நாப்பது குடும்பம் இருந்தது. எனக்கு உங்களை ஞாபகம் இல்லை."

எனக்கு மனத்தாங்கல்தான். ஒளிப்பானேன்? இத்தனை வருடமாக நாங்கள் சுமந்து திரிந்த மனிதருக்கு எங்களைத் தெரியவில்லை. பிள்ளை பிறந்ததுகூட நினைவில்லையா என்று செல்வராணி கேட்டாள். மூன்று பிள்ளைகள் பிறந்தன என்றார் அவர். எல்லாருக்கும் சுடுதண்ணீர் வைத்தாராம்.

கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணீர் வந்தது. குடித்துவிட்டுப் புறப்படலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அவர் எங்கள் எதிரே நிலத்தில் இருந்துகொண்டு கேட்டார்.

"அப்ப நீங்கள் இவரைக் கண்டிருப்பியள்தானே?"

இவர் என்பது அவருடைய கணவர், பெயர் குணம். நாங்கள் போய்ச் சில நாளில் அவர்களும் வெளிக்கிட்டார்களாம். புதுக்குடியிருப்பில் ஒரு காலை, வீட்டில் விட்ட நெல் மூட்டையில் ஒன்றையாவது எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று கணவர் சைக்கிளில் திரும்பிப் போனார். வரவில்லை. அக்கா இரண்டு மகள்மாருடன் வழி பார்த்துக்கொண்டு இருந்தார். இன்றைக்கும் பார்க்கிறார். கலியாண ஆல்பம் இருந்த பெட்டி வழியில் போயிற்று. அடையாள அட்டை கணவரின் சேர்ட் பையில். காணாமல்போனவர் என்று பதியப் போனபோது படிவத்தில் படம் ஒட்டச் சொன்ன இடத்தை அப்படியே விட்டுவிட்டுக் கொடுத்தாராம்.

"ஒரு படமும் இல்லை. அவற்ற குரல் கேக்குது. முகம் இப்ப சரியா வருகுதில்லை எனக்கு. அதான், அந்த நேரம் இங்க இருந்த சனம் ஆர் வந்தாலும் கேப்பன். என்னெண்டாலும் ஞாபகம் இருந்தாச் சொல்லுங்கோ. சின்ன விசயமெண்டாலும் காணும்."

என்னைப் பார்த்தார். நான் அந்த மனிதரை நினைவில் எவ்வளவோ தேடினேன். கிணறு வந்தது, பலா மரம் வந்தது, நாங்கள் பதுங்கியிருந்த பங்கரின் ஈர மண் மணம் வந்தது. அவர் வரவில்லை. ஐந்து கிழமை அவருடைய நிலத்தில் படுத்திருக்கிறேன். சற்று முன்தான், எங்களை மறந்துவிட்டாரே என்று அவர் மனைவியில் மனத்தாங்கல் பட்டவள் நான். ஏதாவது ஒன்றைக் கட்டிச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். நல்ல மனிதர், எங்களுடன் சிரித்துக் கதைத்தார் என்றால் யாருக்கு நட்டம்? வாய் வரைக்கும் வந்தது. அந்தக் கண்களுக்கு முன்னால் முடியவில்லை. ஞாபகம் இல்லை அக்கா என்றேன்.

செல்வராணி கண்ணைத் துடைத்தாள். "எனக்கு இருக்கு," என்றாள்.

நாங்கள் வந்து சேர்ந்த அன்று சைக்கிளின் பின்சில்லில் காற்றில்லை. பாரத்தில் ஹாண்டில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. உயரமான ஒருவர் வந்து காற்றடித்தார். பூவரசம் தடி ஒன்றை வெட்டி ஹாண்டிலில் குறுக்கே கட்டினார். இதைப் பிடித்து உருட்டினால் கை நோகாது, பிள்ளைத்தாச்சிக்கும் பிடித்து நடக்கலாம் என்று சொன்னாராம். அந்தத் தடியைப் பிடித்துக்கொண்டுதான் செல்வராணி பிறகு முள்ளிவாய்க்கால் வரைக்கும் நடந்தாள். தடி எனக்கும் நினைவிருந்தது. கட்டியவர் யாரென்றுதான் நினைவில்லை.

பரமேசக்கா கிட்ட நகர்ந்து இருந்தார். பிறகு, எந்தப் பக்கக் கையால் கட்டினார் என்று கேட்டார். இடக்கையால் என்றாள் செல்வராணி. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஓம். அவர் இடக்கைக்காரர்."

அதன் பிறகு எங்களை விடவில்லை. மத்தியானம் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, குளத்து மீன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தத் தடிக் கதையை இன்னும் இரண்டு தரம் சொல்லச் சொன்னார்.

வெயில் சாய்ந்ததும் புறப்பட்டோம். விசுவமடுவுக்குக் கிட்ட வந்ததும் செல்வராணி திடீரென்று பிரேக் பிடித்தாள். மகள் பிறந்த முப்பத்தொன்றாம் நாளுக்கு ஒரு படம் எடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்றாள். அடுத்த வளவில் இருந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் எடுத்தது. ஓடும்போது அவர் கமெராவை விட்டுவிட்டு உள்ளிருந்த மெமரி கார்டை மட்டும் சட்டைக்குள் முடிந்துகொண்டு வந்து, பிறகு அகதி முகாமில் எங்களைத் தேடிப்பிடித்துப் படத்தைத் தந்தார். பிள்ளையின் படம் என்பதால் அதில் பிள்ளையைத் தவிர வேறெதையும் நாங்கள் பார்த்ததே இல்லை.

தர்மபுரத்தில் சைக்கிளை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக அவள் அலுமாரியைத் திறந்தாள். பதினாறு வயது மகள் கீர்த்தனா, அம்மாவுக்கு என்ன நடந்தது என்று என்னைப் பார்த்தாள். படத்தில் தலைக்கு எண்ணெய் வைத்த குழந்தை. அதைத் தூக்கிக்கொண்டு செல்வராணி. பக்கத்தில் மெலிந்துபோய் நான். பின்னால் கிணறு. கிணற்றடியில், இடக்கையில் வாளிக் கயிற்றோடு ஓர் உயரமான மனிதர். படம் எடுக்கிறார்களே என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். முகம் நெல்மணி அளவு. ஆனால் முகம்!

கிளிநொச்சியில் ஒரு ஸ்டூடியோவில் அந்த நெல்மணியைப் பெருப்பிக்கக் கொடுத்தோம். அங்கிருந்தவர் கெட்டிக்காரர், நன்றாகவே துலக்கிவிட்டார். முடித்துவிட்டு, கீழே பிறப்பு, இறப்புத் திகதி போடவேண்டுமா என்று கேட்டார். அவர் தொழில் அது, பிழையில்லை. ஒன்றும் போடவேண்டாம் என்று செல்வராணி சற்றுக் கடுமையாகவே சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி அதே வீதி. அந்த முறை நான் வேகமாக ஓடினேன்.

பரமேசக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். கடித உறையைக் காட்டி, உள்ளே அவர் இருக்கிறார் என்றேன். அக்கா கையை நீட்டவில்லை. கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். முகம் கழுவி, தலை வாரி, பொட்டைப் புதிதாக வைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். பிறகுதான் வாங்கினார்.

வெகுநேரம் பார்த்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. குழம்பியவர்போல என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவர் இவ்வளவு சின்ன ஆளாவோ இருந்தவர்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. படத்தில் இருந்தவருக்கு நாற்பத்துநாலு வயது. கறுத்த தலைமுடி. பதினாறு வருடமாகப் பரமேசக்கா தன் மனதில் இருந்தவரைத் தன்னோடு சேர்த்து நரைக்கவிட்டிருக்கிறார். தனக்கு முழங்கால் வலி வந்தபோது அவருக்கும் வந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார். வந்து படலையில் நிற்கப்போகும் கிழவரை அவருக்குத் தெரியும். இந்த இளைஞரைத்தான் தெரியவில்லை.

விரலால் அந்த முகத்தை ஒருமுறை தொட்டார். கன்னத்தில் ஓர் இடத்தைக் காட்டி, இந்த மறு இருந்ததை மறந்துபோனேனே என்றார். அப்போதுதான் குரல் உடைந்தது. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் இருந்துகொண்டோம். மாடு கத்தும் வரைக்கும் அப்படியே இருந்தோம்.

இந்தப் பகுதியில் நான் வழக்கமாகக் கடைசியில் ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லி முடிப்பேன். இந்த முறை என்னிடம் ஒன்றுமில்லை. செய்தவர்கள் மறந்துவிடுகிறார்கள், பெற்றவர்கள் சுமக்கிறார்கள் என்று எழுதலாம். ஆனால் பெற்ற நானும் ஒரு மனிதரை மறந்திருந்தேனே?

வெளிக்கிடும்போது பரமேசக்கா படலைவரை வந்தார். படம் நெஞ்சோடு இருந்தது.

"படம் வந்திட்டுது. இனி ஆளும் வரட்டும்," என்றார்.

ஓம் அக்கா என்றேன்.