எண்பது டிகிரியில் ஒரு கேள்வி

தொண்ணூறுகளில் குரோம்பேட்டை ஜிம் ஒன்றில் சானா அறை திறந்தார்கள். பலகை அடித்த சின்ன அறை, உள்ளே எண்பது டிகிரி சூடு. நம் ஊர் வெயில் போதாதென்று அங்கே வரிசையில் நின்று வேகப் போன அறிவாளிகளில் நானும் ஒருவன்.

வாசலில் காவலுக்கு ஓர் ஆள் இருந்தார். ஒட்டடைக்குச்சி உடம்பு, பனியன், கழுத்தில் விசில். தங்கச் சங்கிலியைக் கழற்றவைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கவைத்துத்தான் உள்ளே விடுவார். பத்து நிமிடத்துக்கு மேல் யாருக்கும் அனுமதி இல்லை. அதற்குள்ளும் மூன்று முறை கதவுக் கண்ணாடியைத் தட்டி, "சார், உன் பேர் இன்னா?" என்பார். சூடு தலைக்கேறினால் முதலில் மறப்பது சொந்தப் பெயராம்.

ஒருநாள் வேண்டுமென்றே என் மேனேஜர் பெயரைச் சொன்னேன். விசில் ஊதினார். கையைப் பிடித்து வெளியே இழுத்து, தலையில் ஈரத்துண்டைப் போட்டுவிட்டார்.

"சும்மா தமாஷுக்குச் சொன்னேன்ப்பா."

"மயங்கறவன் எல்லாம் அப்டித்தான் சொல்லிகினு கீறான். குந்து சார்."

அந்த மே மாதம், பல்லாவரம் நெரிசலில் நின்றுபோன பஸ்ஸுக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தேன். யாரோ ஜன்னல் கம்பியைத் தட்டினார்கள். சைக்கிளில் அவர்.

"சார், பேர் இன்னா?"

மொத்த பஸ்ஸும் பார்க்க, இனிஷியலோடு சொன்னேன்.